துணியே ஏடாகிய புத்தகம்

கலையையும் சித்திர வேலைப்பாட்டையும் பற்றிய புத்தகங்கள் கற்றவர்களுக்கும் செல்வர்களுக்குமே உரியவை என்று நம்மில் பலர் கருதுவதுண்டு. தறியில் அமர்ந்து கரையும் முந்தியும் நெய்பவருக்கு அவற்றால் யாது பயன் என்று கேட்பாரும் உளர். ஆயினும் நெசவாளரின் கைத்திறனையே பொருளாகக் கொண்டு, பிறருடைய நன்மைக்காகத் தொகுக்கப்பட்ட புத்தகம் ஒன்று உண்டு. அதன் வரலாற்றை அறிவது சங்க அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் அவசியமாகும்.

1851-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் இந்தியத் துணிகள் பெரும்புகழ் எய்தின. அவற்றைப் பாராட்டியவர்களுள் ஓவன் ஜோன்ஸ் என்னும் கட்டடக் கலைஞரும் ஒருவர். ‘அலங்கார இலக்கணம்’ எனப் பொருள்படும் பெயருடன், 100 வண்ணப் படத்தாள்கள் கொண்ட பெரும் புத்தகம் ஒன்றை அவர் 1856-இல் வெளியிட்டார். பல நாட்டு அலங்காரங்களுடன் இந்திய வேலைப்பாடுகளுக்கும் அதில் தனி இடம் தந்தார். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் அலங்காரத்துக்கும் இலக்கணம் உண்டென்று கருதி, 37 விதிகளை வகுத்துரைத்தார். பொருளின் அமைப்பை ஒட்டியே அலங்காரம் எழவேண்டும். அலங்காரத்தைக் காட்டுவதற்காகவே பொருளை அமைத்தல் ஆகாது என்பது அவற்றுள் ஒன்றன் கருத்து. சேலையின் கரையை எண்ணிப் பார்ப்போர் இதனை எளிதில் உணர்வர். கரை சேலைக்கு அழகு தருவதோடு, ஓரத்தைத் தாங்கும் வலிவையும் தருகிறது அல்லவா?

எனினும், படத்தை மட்டும் கொண்டு ஒரு துணியை நெய்துவிட முடியாது. பாவில் எத்தனை இழை, ஊடை எந்த நம்பர், எடை எவ்வளவு என்பவற்றைப் படம் உரைக்காது. இக்குறை இல்லாத வேறொரு புத்தகம் பத்து ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்தது. அதுவே இப்பாடத்தின் பொருளாகும்.

18 தொகுதிகள், 700 மாதிரிகள்

ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர். இந்தியாவின் விளைபொருள்களையும் செய்பொருள்களையும் ஆராய்ந்து அறிக்கை தரும் உத்தியோகத்தில் அவர் லண்டனில் அமர்ந்திருந்தார். அங்கிருந்த இந்தியக் காட்சிச்சாலையில் சேர்ந்திருந்த துணிகளை வெட்டி, 700 மாதிரிகளைத் தாள்களில் பதித்து, 18 தொகுதிகளாக 1866-இல் வெளியிட்டார். இவ்வாறு 20 வரிசைகள் ஆயத்தமாயின. அதாவது, 14,000 துணித் துண்டுகள் ஏடுகளாயின. அவற்றுள் 13 வரிசைகள் மான்செஸ்டர், பிரஸ்டன், கிளாஸ்கோ முதலிய பிரிட்டிஷ், ஐரிஷ் நகரங்களில் வைக்கப்பட்டன. 7 வரிசைகள் இந்தியாவுக்கு வந்தன. அவற்றுள் ஒன்று சென்னைக்கு உரியதாயிற்று.

ஒவ்வொரு மாதிரியின் அருகிலும் அதன் எண், துணியின் பெயர், நீளம், அகலம், எடை ஆகியவை அச்சிடப்பட்டன. கிடைத்த அளவில் நெய்த ஊரும் விலையும் சேர்க்கப்பட்டன. தலைப்பாகை, வேட்டி, லுங்கி, சேலை எனத் தைக்காமல் உடுத்துபவை ஒரு வகையாகவும், வெட்டித் தைப்பதற்குரியவை மற்றொரு வகையாகவும் பிரிக்கப்பட்டன. இம்முறையின் நுட்பம் கவனிக்கத்தக்கது. முன்வகையில் துணி தறியிலிருந்து இறங்கும்போதே ஆடையாகிவிடுகிறது. ஆகவே அதன் அளவும் கரையும் முந்தியும் மக்களின் வழக்கத்துக்குச் சற்றும் மாறுபடலாகாது. அந்த வழக்கம் அறியாத வெளிநாட்டு ஆலைக்காரர் இந்தியச் சந்தைக்கு ஏற்ற துணியை அனுப்ப இயலாது.

அவ்வழக்கத்தை ஆலைக்காரருக்குக் கற்பிப்பதே இத்தொகுதிகளின் முதல் நோக்கம். இதனை வாட்சன் மறைக்கவில்லை. உடன் வெளியிட்ட விளக்கப் புத்தகத்தில் அவர் வெளிப்படையாகவே எழுதினார். செல்வர் வாங்கும் உயர்ந்த சரக்கைவிட, கோடிக்கணக்கான எளிய மக்கள் உடுத்தும் சாதாரணத் துணியே ஆலைகளுக்குரிய பெரிய வியாபாரம் என்று அவர் காட்டினார். அதே சமயம், டாக்கா மஸ்லினின் இழையை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, கையால் நூற்ற அந்த இழை ஐரோப்பிய ஆலை இழையைவிட மெல்லியது என்றும், ஓர் அங்குலத்தில் அதற்கு முறுக்கு மிகுதி என்றும் ஒப்புக்கொண்டார். மிக நுண்ணிய கைநெசவோடு இயந்திரம் போட்டியிடுதல் அரிது என்பது அவர் கண்ட முடிவு.

இத்தொகுதிகள் வந்த பிறகுதான் லங்காஷயர் துணி இந்தியாவில் புகுந்தது என்று கூறுதல் பொருந்தாது. 1866-க்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அது இங்கு ஏராளமாக இறக்குமதியாயிற்று. ஆயினும், அறிவு எவர் கையில் ஒழுங்காகத் தொகுக்கப்படுகிறதோ அவருக்கே சந்தையில் வலிமை சேர்கிறது என்பதற்கு இவை தக்க சான்றாகும்.

ஏட்டில் இல்லாதது

700 மாதிரிகளுக்கும் எண் உண்டு, எடை உண்டு. நெய்தவர் இன்னார் என்ற குறிப்பு இல்லை. கூலி எவ்வளவு, எத்தனை நாள் வேலை என்ற விவரமும் தரப்படவில்லை. வாங்குபவருக்கும் போலி செய்பவருக்கும் வேண்டியவை மட்டுமே பதிவாயின. நெய்பவருக்கு வேண்டியவற்றை நெய்பவரே எழுதவேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் படிப்பினை.

இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையிலும், பிரஸ்டன் நகர ஹாரிஸ் காட்சிச்சாலையிலும் காக்கப்பட்டுள்ள இத்தொகுதிகள், அக்காலக் கரைகளையும் கட்டங்களையும் சாயங்களையும் அறிய விரும்புவோருக்குப் பெருஞ்செல்வமாக விளங்குகின்றன. பிறர் பொருட்டுச் செய்த பதிவே நம் முன்னோர் தொழிலுக்குச் சாட்சியாயிற்று. நாமே செய்யும் பதிவு இன்னும் எவ்வளவு பயன் தரும்!

சங்கம் செய்யவேண்டியது

ஒவ்வொரு சங்கமும் ஒரு மாதிரி ஏடு வைத்தல் நலம். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. கெட்டித் தாள் ஏடு ஒன்றும், ஒழுங்காக எழுதும் ஒருவரும் போதும்.

1. புதிய ரகம் தறியிலிருந்து இறங்கும்போது, கரையும் உடலும் தெரியும்படி ஒரு சிறு துண்டை ஒட்டுக. துணியை வெட்ட இயலாவிடில், பாவின் கடைசியில் கையகலம் கூடுதலாக நெய்து கொள்க.

2. பாவு நூல், ஊடை நூல் நம்பர்கள், அங்குலத்துக்கு இழை எண்ணிக்கை, நீளம், அகலம், எடை, சாயம் ஆகியவற்றை எழுதுக. கோர்வைக் கரையாயின் அதனையும் குறிக்க.

3. நெய்தவர் பெயர், வடிவம் அமைத்தவர் பெயர், நாள், கூலி, விற்ற விலை ஆகியவற்றைத் தவறாது சேர்க்க.

4. பருத்தி எந்த ரகம், எவ்வூரில் விளைந்தது என்பது தெரியுமாயின் அதனையும் எழுதுக. நல்ல துணியின் புகழில் பயிரிட்டவருக்கும் பங்குண்டு.

5. ஏட்டை வெயிலும் ஈரமும் பூச்சியும் அணுகாத இடத்தில் பூட்டி வைக்க.

இதனால் விளையும் நன்மை கற்பனையன்று. 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ், காஞ்சிபுரம் பட்டு போன்ற சரக்குகள் பதிவு பெற்றுள்ளன. அப்பதிவுக்கு விண்ணப்பிப்போர், அச்சரக்கு இன்ன ஊருக்கு உரியது என்பதற்குச் சான்று காட்டவேண்டும். வாய்ச்சொல்லினும் தேதியிட்ட ஏடு வலியது. மேலும், வயது முதிர்ந்த நெசவாளர் ஒருவர் தறியை விட்டு இறங்கும்போது அவர் கைக்கணக்கும் அவருடன் மறைந்துபோகாமல் காக்க வேறு எளிய வழியும் இல்லை.

படிப்பு வட்டத்தில் ஆலோசிக்க

நம் ஊரில் முன்பு நெய்யப்பட்டு இன்று வழக்கொழிந்த ரகங்கள் எவை? அவற்றின் பழந்துணி எவர் வீட்டுப் பெட்டியில் இருக்கக்கூடும்? மாதிரி ஏட்டைப் பிறருக்குக் காட்டுவதில் நம் சங்கம் என்ன விதி வகுத்துக்கொள்ள வேண்டும்?

இக்கேள்விகளுக்கு விடை கண்டு, அடுத்த கூட்டத்திலேயே ஏட்டின் முதல் பக்கத்தைத் தொடங்குவார்களாயின் அங்கத்தினர்கள் இப்பாடத்தை நன்கு கற்றவராவர்.