கேக் தட்டோடு கடைக்குப் போனேன்

புது வீட்டுக் குசினிக்கு ஒரு அவன் வாங்கவேண்டும் என்று சொன்னால் எங்கள் வீட்டில் "எவன்?" என்று கேட்பார்கள். அந்தப் பகிடிக்கு இடம் கொடாமல் பழைய சொல்லான போறணை என்றே எழுதுகிறேன். போறணை, பாண், குசினி மூன்றும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டியவர்கள். சொற்களையாவது நாங்கள் வைத்துக்கொள்வோம்.

வீடு திருகோணமலை உட்துறைமுக வீதியில். குசினி யன்னலைத் திறந்தால் தண்ணீர்; அதற்கப்பால் சீனக்குடாப் பக்கம், 1980இல் இருந்து கோதுமை அரைக்கும் பிறீமா மா ஆலை. மாவுக்குக் குறைவில்லாத ஊர். அதைச் சுடுவதற்கு எதை வாங்குவது என்பதில்தான் எனக்கு ஆறு மாதம் போனது.

முதலில் ஆசைப்பட்டது சுவரலமாரிக்குள் பதிக்கும் போறணைக்கு. கனடாவில் மச்சாள் வீட்டில் பார்த்தது. தச்சு வேலைக்காரரிடம் சொல்லி அலமாரியில் 60 சென்றிமீற்றர் அகலத்துக்கு இடமும் விட்டாயிற்று. பிறகுதான் வயறிங் செய்யும் தம்பி வந்தார்.

"அக்கா, உங்கட வீட்டுக்கு வாறது முப்பது அம்பியர். தண்ணி மோட்டர், ஏசி, அயன் எல்லாம் ஓடேக்க இதையும் போட்டா ட்ரிப் சுவிச் விழும்."

கணக்கு அவர் சொன்னபடிதான். 230 வோல்ட்டில் 30 அம்பியர் என்றால் முழு வீட்டுக்கும் கிட்டத்தட்ட 6,900 வாற்ஸ். 13 அம்பியர் சதுரமுனை பிளக் ஒன்றால் 3,000 வாற்ஸ்கூட எடுக்கமுடியாது. பதிக்கும் போறணைகளில் பெரியவை அதைத் தாண்டிவிடும். அவற்றுக்கு மெயின் போர்ட்டில் இருந்து தனி வயர் இழுக்கவேண்டும். சூடு வெளியேறப் பின்னால் இடைவெளியும் வேண்டும். எங்கள் பலகை அலமாரியோ பெட்டி மாதிரி நாலு பக்கமும் அடைத்திருந்தது. பூச்சு வேலைக்கு முன்பே எலக்ட்ரீசியனைக் கேட்டிருக்கவேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன்.

அடுத்தது, மேலே நாலு அடுப்பும் கீழே போறணையுமாக வரும் காஸ் குக்கர். முந்தி இருந்த வாடகை வீட்டில் ஒன்று இருந்ததால் அதன் குணம் தெரியும். காஸ் எரியும்போது நீராவியும் சேர்ந்து வரும். பாணுக்கும் பட்டர் கேக்குக்கும் அந்த ஈரம் கெடுதல் இல்லை. மொறுமொறுப்பாக வரவேண்டிய பேஸ்ட்ரிக்குச் சரிவராது. நெருப்பு கீழே மட்டும் என்றால் அடி கருகும், மேல் வெளிறும். லவ் கேக் செய்யும் நாட்களில் தட்டின் அடியில் பழைய வீரகேசரியை ஏழெட்டு மடிப்பாகப் போடுவேன்.

அதைவிடப் பெரிய கரைச்சல் காற்று. ஆடி ஆவணியில் கச்சான் துறைமுகத்தைத் தாண்டி நேரே குசினிக்குள் வரும். அந்த வாடகை வீட்டில் ஒரு பின்னேரம் போறணைக்குள் நெருப்பு அணைந்தது தெரியாமல் நான் முன்னறையில் இருந்தேன். பூனையைத் துரத்திக் குனிந்தபோதுதான் மணம் அடித்தது. காஸ் காற்றைவிடப் பாரம். நிலத்தோடு படுத்துக் கிடக்கும், நின்றபடி சமைப்பவருக்கு மூக்கில் ஏறாது. நெருப்பு அணைந்தால் காஸைத் தானாக அடைக்கும் பாதுகாப்பு வால்வு, மேலே உள்ள அடுப்புகளுக்கு மட்டுமல்ல, போறணைக்கும் இருக்கிறதா என்று கேட்காமல் காஸ் போறணை வாங்கவேண்டாம். 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகளுக்குப் பிறகு இதைக் கேட்க யாரும் வெட்கப்படத் தேவையில்லை.

2022 வேறொன்றைப் படிப்பித்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு, காஸுக்கும் வரிசை. கரண்ட் உள்ள நேரத்தில் காஸ் இல்லை, காஸ் கிடைத்த நாளில் கரண்ட் இல்லை. அம்மா பின்வளவில் கல் மூன்று வைத்து, சட்டியில் மணல் பரப்பி, மூடிமேல் சிரட்டைத் தணல் போட்டு கேக் அடித்துக் காட்டினா. மேலும் கீழும் சூடு, நடுவில் தட்டு. போறணை என்பது அவ்வளவுதான்! அன்றைக்கே தீர்மானித்தேன், சமையல் காஸில், பேக்கிங் கரண்டில், இரண்டும் வெவ்வேறு சாமான். ஒன்று படுத்தால் மற்றது நிற்கும்.

மைக்ரோவேவோடு சேர்ந்து வரும் கன்வெக்சன் வகையும் பார்த்தேன். சோறு கறி சூடாக்க நல்லது. ஆனால் அதன் தட்டு சுழலும். என் நீள்சதுரத் தட்டு உள்ளே போனாலும் மூலை இடித்துச் சுழலாமல் நிற்கும். கடையில் தட்டை வைத்துப் பார்த்தபோது விற்கிற பெடியன் சிரித்தான். சிரிக்கட்டும். விளம்பரத்தில் உள்ள லீற்றர் கணக்கு உங்கள் தட்டு போகுமா என்று சொல்லாது. எயார் பிரையர் கோழிக்கால் பொரிக்கத்தான்.

கடைசியில் வாங்கியது மேசையில் வைக்கும் மின் போறணை. 60 லீற்றர், 2,000 வாற்ஸ், உள்ளே விசிறி, மேற்கம்பியையும் கீழ்க்கம்பியையும் தனித்தனியாகப் போடலாம். தொடுதிரை வைத்ததை வேண்டாம் என்று திருகு குமிழ் உள்ளதை எடுத்தேன். உப்புக் காற்றும் ஏறி இறங்கும் கரண்டும் எங்கள் பக்கத்தில் முதலில் தின்பது எலக்ட்ரோனிக் போர்டைத்தான். கதவுப் பிணைச்சலையும் ஆட்டிப் பாருங்கள். துரு அங்கேதான் தொடங்கும்.

வாங்கியதும் உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்றையும் வாங்குங்கள். என் குமிழ் 150 என்று காட்டும்போது உள்ளே 170 இருந்தது. ரவை, கஜு, பூசணி அல்வா எல்லாம் போட்ட லவ் கேக்குக்கு அந்த இருபது பாகை போதும், ஓரம் கல்லாகிவிடும். விசிறி போட்டால் சமையல் குறிப்பில் உள்ளதைவிட இன்னும் 20 பாகை குறைக்கவேண்டும்.

ஒரு கேக்குக்கு ஒன்று, ஒன்றரை யூனிட் போகும். அது பெரிசில்லை. ஆனால் நத்தாருக்கு ஓடர் எடுப்பவர்கள் கவனிக்கவேண்டும்: வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுவது, 180 யூனிட்டைத் தாண்டியதும் ஒவ்வொரு யூனிட்டும் ஆகக்கூடிய விலைக்கு வரும். பக்கத்து வீட்டு அக்கா கேக் விலை போடும்போது முட்டையை எண்ணுகிறா, கரண்டை எண்ணுவதில்லை.

அலமாரியில் விட்ட 60 சென்றிமீற்றர் இடத்தில் இப்போது அரிசி வாளி இருக்கிறது.