தாம்பரத்தில் ஒரு மாற்று வரலாறு: முதன்முறை எழுதுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

1942 ஏப்ரலில் மெட்ராஸ் கதிகலங்கிப் போயிருந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன் போனது, அந்தமானும் போனது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் கொழும்பில் குண்டு. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது நாம்தான் என்று ஊரே முடிவுகட்டி, மூட்டை முடிச்சோடு கிளம்பியது. அரசாங்க அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்குப் போயின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் புலி தெருவுக்கு வந்துவிடும் என்று, ‘உயிர்க் காலேஜ்’ என ஜனங்கள் சொன்ன மிருகக்காட்சி சாலையில் இருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். கடைசியில் ஜப்பான்காரன் வரவேயில்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் வந்து, துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனதோடு சரி.

வந்திருந்தால்? நடந்த வரலாற்றில் ஓரிடத்தில் கைவைத்து, அதன்பின் என்ன ஆகியிருக்கும் என்று எழுதுவதுதான் மாற்று வரலாறு. ஜப்பானும் ஜெர்மனியும் போரில் ஜெயித்து அமெரிக்காவைப் பங்கு போட்டுக்கொண்டதாக பிலிப் கே. டிக் 1962இல் ‘தி மேன் இன் தி ஹை காசில்’ எழுதினார். ஹாரி டர்ட்டில்டவ் 1988இல் எழுதிய ‘தி லாஸ்ட் ஆர்ட்டிக்கிள்’ சிறுகதையில் நாஜிப் படை இந்தியாவுக்குள் வந்து காந்தியைச் சந்திக்கிறது. நம்மிடம் சரித்திர நாவல் மலைபோல் குவிந்திருக்கிறது, இந்த வகை மிகக் குறைவு. எழுத வருகிறவர்கள் இரண்டு பள்ளங்களில் ஒன்றில் விழுகிறார்கள்: பாடப்புத்தகம் அல்லது மசாலாப் படம். இரண்டிலும் விழாமல் எழுத, மேலே சொன்ன ஏப்ரலையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

1. ஒரே ஒரு பொய்

மெரினாவில் ஜப்பான் டாங்கிகள் இறங்குவதாகத்தான் யாருக்கும் முதலில் தோன்றும். வேண்டாம். கொழும்பில் குண்டு போட்ட ஜப்பான் அட்மிரல் நகுமோவின் கப்பற்படை, பிரிட்டிஷ் கப்பல்களைத் தேடி அடித்துவிட்டுத் திரும்ப வந்த படை. கரையிறக்க அதனிடம் தரைப்படை இல்லை. ஜப்பானின் சிப்பாய்கள் சீனாவிலும் பர்மாவிலும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பின்னணி தெரிந்த வாசகர் இரண்டாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

சின்னதாக மாற்றுங்கள். ஏப்ரல் 9ஆம் தேதி நகுமோவின் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. நம் கதையில் அன்று காலை அவை மெட்ராஸுக்கு வருகின்றன. அதே கப்பல்கள், அதே விமானங்கள், அதே தேதி. திருகோணமலையிலிருந்து மெட்ராஸ் ஒரு நாள் கடல்தூரம்கூட இல்லை. காரணம் கேட்டால்? அந்த வாரம் அவர்கள் பிரிட்டிஷ் கப்பற்படை எங்கே ஒளிந்திருக்கிறது என்று உண்மையிலேயே தேடிக்கொண்டிருந்தார்கள். மெட்ராஸ் துறைமுகத்தில் இருக்கிறது என்று ஒரு தவறான தகவல் போய்ச் சேர்ந்ததாக வைத்தால் போதும். அந்த ஒரு தகவல்தான் உங்கள் பொய். இதற்கு மேல் இரண்டாவது பொய் சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது. மற்றதெல்லாம் அதிலிருந்து கணக்குப் போட்டு வர வேண்டும்.

2. தேதியின் அக்கம்பக்கத்தைப் பாருங்கள்

தேதியை முடிவு செய்ததும் அதே வாரத்தில் வேறு எங்கே என்ன நடந்தது என்று தேடுங்கள். பெரும்பாலும் புதையல் கிடைக்கும். ஏப்ரல் 9 அன்று டெல்லியில் பிரிட்டன் அனுப்பிய கிரிப்ஸ் தூதுக்குழுவின் பேச்சுவார்த்தை முறிகிற கட்டம்; ஓரிரு நாளில் முறிந்தே போனது. பாதுகாப்புத்துறை யார் கையில் என்பதுதான் அங்கே முக்கியமான சிக்கல்களில் ஒன்று. அந்த நேரம் பார்த்து மெட்ராஸ் எரிகிறது என்று தந்தி வந்தால்?

அதே மாதம்தான் ராஜாஜி, முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையை ஏற்று லீகோடு சேர்ந்து ஆட்சி அமைக்கலாம் என்று மெட்ராஸ் காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர்களைத் தீர்மானம் போட வைத்தார். கட்சி ஏற்கவில்லை, ஜூலையில் கட்சியை விட்டே வெளியேறினார். குண்டு விழுந்த நகரத்திலிருந்து அவர் பேசியிருந்தால் அந்தக் குரலுக்கு வேறு எடை கிடைத்திருக்கும். ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ நடந்திருக்குமா என்பதே சந்தேகம். இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது: சமரசம் ஏற்படலாம், கலவரம் பெரிதாகலாம். எது நடக்க வாய்ப்பு அதிகம் என்று தேர்வெழுதுகிறவர் போல யோசிக்காதீர்கள். இரண்டும் நம்பக்கூடியவைதான் என்றால், உங்கள் கதாபாத்திரத்துக்கு எது அதிகத் தொல்லை தருமோ அதை எடுங்கள். யதார்த்தமும் சுவாரசியமும் கைகோப்பது இந்த இடத்தில்தான்.

3. கோட்டையை விட்டு தாம்பரத்துக்கு வாருங்கள்

கவர்னர் மாளிகையில் வரைபடத்தை விரித்துவைத்து நாலு துரைமார் பேசுகிற காட்சி எல்லாருக்கும் எழுத வரும், படிக்கத்தான் முடியாது. அதே செய்தி இருபத்தைந்து கிலோமீட்டர் தெற்கே எப்படி வந்து சேர்கிறது என்று எழுதிப் பாருங்கள்.

பீச்சிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் மின்ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. 1942இல் மின்கம்பி தாம்பரத்தோடு முடிந்துவிடும். அதற்குத் தெற்கே செங்கல்பட்டு, விழுப்புரம் போக நீராவி என்ஜின்தான். துறைமுகப் பக்கம் குண்டு விழுந்து நகரத்தில் மின்சாரம் போனால் என்ன ஆகும்? மின்ரயில் நின்ற இடத்தில் நிற்கும். நிலக்கரி வண்டி மட்டும் ஓடும். நகரத்தை விட்டு ஓடுகிற கூட்டம் மவுண்ட், பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் என்று தண்டவாளத்தை ஒட்டி நடந்து தாம்பரம் வந்து குவியும். ஒரே நாளில் இந்த ஸ்டேஷன்தான் ராஜதானியின் தலைவாசல். வழியில் 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை. அங்கே படுத்திருப்பவர்களால் நடக்க முடியாது. ஸ்டேஷனுக்குக் கிழக்கே 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து குடிவந்த கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே விடுதிகளும் நிழலும் உண்டு. கூட்டம் எங்கே படுக்கும், தண்ணீர் யார் தருவார், தொற்று பயத்தில் யார் யாரை ஒதுக்குவார்? நீங்கள் எதையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை, கம்பி எங்கே முடிகிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

4. தகவலைத் தடையாக மாற்றுங்கள்

தெரிந்ததையெல்லாம் கொட்டும் ஆசைதான் இந்த வகையின் பெரிய வியாதி. ‘ஏப்ரல் 9 தாக்குதலில் மின்விநியோகம் தடைபட்டு, ரயில் போக்குவரத்து பாதிக்கப்பட்டதால் மக்கள் அவதியுற்றனர்’ என்று எழுதினால் அது செய்தித்தாள். இப்படி எழுதிப் பாருங்கள்:

“செங்கல்பட்டுக்கு மூணு டிக்கெட் குடுங்க சார்.”

“வண்டி எப்ப வரும்னு எனக்கே தெரியாதும்மா. மூணு பேரா? பெரியவங்க ரெண்டுதானே நிக்கிறீங்க?”

“இவங்கப்பா பின்னாடி வர்றாரு. மவுண்ட்கிட்ட இருட்டுல கைய விட்டுட்டோம். அவரு வந்தா கவுண்டர்ல கூட்டமா இருக்கும், இப்பவே வாங்கி வெச்சிடறேன்.”

இருட்டு, நடை, நெரிசல், தெற்கே மட்டும் ஓடும் வண்டி எல்லாம் வந்துவிட்டன. கூடவே, மூன்றாவது டிக்கெட் என்ன ஆகப்போகிறது என்று வாசகர் காத்திருக்கத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு வரலாற்றுத் தகவலும் யாரோ ஒருவர் வழியில் குறுக்கே நிற்க வேண்டும். நிற்காத தகவல் உங்கள் நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கட்டும்.

5. வரலாறு வாய்திறக்காத இடத்தில் விளையாடுங்கள்

கல்கி செய்ததைக் கவனியுங்கள். வல்லவரையர் வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் என்று தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. அதற்கு மேல் அவரைப் பற்றித் தெரிந்தது சொற்பம். அந்த வெற்றிடத்தில்தான் ‘பொன்னியின் செல்வ’னின் குறும்பும் குதிரையும் காதலும் ஓடுகின்றன. ராஜராஜனை அப்படி ஓடவிட முடியாது. நீங்களும் ராஜாஜியையும் நேருவையும் திரைக்குப் பின்னால் வைத்து, கற்பனை மனிதர்களை முன்னால் விடுங்கள். பெரியவர்கள் பத்திரிகைத் தலைப்பாகவும் ரேடியோக் குரலாகவும் வந்துபோனால் போதும்.

டாங்கி ஆசை இன்னும் போகவில்லையா? வதந்தியாக விடுங்கள். “மாமல்லபுரத்துல எறங்கிட்டானாம்” என்று காபி கிளப்பில் ஒருவர் சத்தியம் செய்யட்டும். நம் ஜனங்களின் வதந்தி வளத்துக்கு சாட்சி வேண்டுமானால் 1914ஐப் பாருங்கள்: செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் மெட்ராஸ் மீது குண்டு வீசியது உண்மை. அதில் விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. கதையோ நூறு வருஷம் தாண்டியும் ஓடுகிறது.

6. நிஜத்தைக் கடன் வாங்குங்கள்

கதையை ஆக்கிரமிப்பு வரை நீட்டுவதாக இருந்தால் எதையும் புதிதாக யோசிக்க வேண்டாம். மலாயாவில் ஜப்பான் ஆட்சி எப்படி இருந்தது என்று தெரியும்: கடிகாரங்கள் டோக்கியோ நேரத்துக்கு மாறின, வாழைமரம் அச்சிட்ட நோட்டு கடைசியில் காகிதமானது, சயாம் ரயில்பாதைக்குப் போன தமிழ்த் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அந்தக் காலத்தில் நடக்கும் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவலை, பாத்திரங்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதற்காகவே படியுங்கள்.

7. காலப்பிழை சோதனை

எழுதி முடித்தபின் ஒரு முறை இதற்காகவே படியுங்கள். 1942இல் தெற்கு ரயில்வே கிடையாது, சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனிதான். தெற்கு ரயில்வே 1951இல் வந்தது. நயா பைசா 1957. அதுவரை அணா, தம்படி. தூரம் மைலில், அரிசி படியில். வண்டலூரில் மிருகக்காட்சி சாலை 1985இலிருந்துதான்.

8. இந்த வட்டாரத்திலேயே வேறு விதைகள்

1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கருவி கண்டெடுத்தது பெரிய சம்பவம்தான், ஆனால் கதைக்கு ஆகாது. அவர் அன்று குனிந்து பார்க்காமல் போயிருந்தால் வேறொருவர் பின்னால் பார்த்திருப்பார். நில அளவையாளர் லாம்டன் கதை அப்படியில்லை. 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கத்தில் அவர் அடிக்கோடு அளந்துதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவீடு தொடங்கியது. அவருக்கு வர வேண்டிய, கோணம் அளக்கும் பெரிய கருவியான தியோடலைட்டைக் கடலில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு திருப்பி அனுப்பினார்கள். அனுப்பாமல் இருந்திருந்தால்? வரைபடம் தாமதமாகும், வரி நிர்ணயமும் ரயில்பாதையும் எல்லைச் சண்டையும் தடம் மாறும். யாராவது எழுத வேண்டும்.

தொடங்குகிறவர்கள் நாவலில் கைவைக்காதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. அந்த மாதத்துப் பத்திரிகைகளைத் தேடிப் பிடியுங்கள். தலையங்கத்தைவிட விளம்பரத்தைக் கவனமாகப் படியுங்கள். பிறகு ஒரு ஸ்டேஷன், ஒரு ராத்திரி, பதினைந்து பக்கம். முடித்ததும் சரித்திரம் தெரிந்த ஒருவரிடமும் சரித்திரமே பிடிக்காத ஒருவரிடமும் கொடுங்கள். முதலாமவர் தப்பு கண்டுபிடித்தால் திருத்திவிடலாம். இரண்டாமவர் பாதியில் கீழே வைத்தால், அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி எழுதுங்கள்.