கிடங்கு நிறைவது விற்பனை ஆகாது



பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவர் நாம். அறுபது வயதைக் கடந்தபின் மாலை வகுப்பில் மாணவராக அமர்ந்து 'பொருள் மேலாண்மை' பயின்றோம். ஒரு பொருள் யாருக்காக, எந்த அளவில், என்ன விலையில் சந்தைக்கு வர வேண்டும் என்று ஆராயும் பாடம் அது. இந்த வயதில் படிக்கப் போனதற்குக் காரணம் ஒரு நஷ்டம். அதை மறைக்காமல் எழுதுகிறோம்.

பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி இலவசம் என்ற சலுகையில் மயங்கி 300 பெட்டி பிஸ்கட் எடுத்தோம். இலவசத்துடன் 330 பெட்டி. நமது மாத விற்பனையோ 50 பெட்டிதான். சரக்கு இறங்கியபோதே காலாவதிக்கு நாலரை மாதமே பாக்கி. தேங்கியதைச் சிறு கடைகளுக்குக் கடனில் தள்ளிவிட்டோம். இருபது ஆண்டுகளாக நம்மிடம் சரக்கெடுக்கும் கிராமத்துக் கடைக்காரர் ஒருவர், தேதி முடிந்த பாக்கெட்டுகளைப் பையில் கொண்டுவந்து வைத்தார். "அண்ணாச்சி சொன்னா சரியா இருக்கும்னுதானே எடுத்தேன்" என்றார். பணம் போனதைவிட அந்தச் சொல்தான் சுட்டது.

வகுப்பில் ஆசிரியர், "உங்கள் வாடிக்கையாளர் யார்?" என்று கேட்டார். "சில்லறைக் கடைக்காரர்" என்றோம். "அவர் வாங்கி வைக்கிறார். வாங்கித் தின்பவர் யார்?" என்றார். நமக்குப் பதில் தெரியவில்லை. பாடம் அங்கே தொடங்கியது.

1. ஒரு பொருளுக்கு ஒரு பொறுப்பாளர்

அமெரிக்காவின் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்தவர் நீல் மெக்எல்ராய். அதே நிறுவனத்தின் ஐவரி சோப்புக்குக் கிடைத்த கவனிப்பு கேமேக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பொறுப்பாளர் வேண்டும். எந்த ஊரில் விற்கிறது, எங்கே விற்கவில்லை, ஏன் என்று அவர் நேரில் ஆராய வேண்டும் என்று 1931 மே மாதம் மூன்று பக்கக் குறிப்பு எழுதினார். நிறுவனம் அதை ஏற்றது. பொருள் மேலாண்மைக்கு வித்திட்டது அந்தக் குறிப்பே.

2. வாங்குபவர் கைக்கேற்ற அளவு

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பாட்டில் ஷாம்பு வாங்க இயலாத கூலித் தொழிலாளியையும் மனத்தில் வைத்து, அதைச் சிறு உறையில் அடைத்தவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலில் தனியே தொழில் தொடங்கி, சிக் ஷாம்பு விற்றார். காலி உறைகளைக் கொடுத்தால் புதிய உறை ஒன்று இலவசம் என்றார். முதலில் எந்த நிறுவனத்தின் உறையையும் ஏற்றார். பின்னர் சிக் உறையை மட்டும் ஏற்றார்.

இங்கேதான் நமக்குக் கண் திறந்தது. அதுவும் சலுகை, நாம் மயங்கியதும் சலுகை. காலி உறை வந்தால், யாரோ அதைப் பயன்படுத்திவிட்டார் என்று பொருள். நமக்குக் கிடைத்த இலவசப் பெட்டியோ கிடங்கை அடைக்க மட்டுமே உதவியது.

3. கொள்முதலுக்கு முன் ஒரு கணக்கு

காலாவதிக்கு உள்ள மாதங்களில், சில்லறைக் கடையில் விற்கத் தேவையான காலத்தைக் கழியுங்கள். மீதியை மாத விற்பனையால் பெருக்குங்கள். கையிருப்பு இருந்தால் அதையும் கழியுங்கள். நமது பிஸ்கட்டில் நாலரையில் ஒன்றரை போக மூன்று மாதம், 150 பெட்டி. அதற்குமேல் எடுத்தது பேராசை.

இப்போது நமது கடையில் ஒவ்வொரு வகைச் சரக்குக்கும் ஓர் ஊழியர் பொறுப்பு. வந்த தேதி, காலாவதி, மாத விற்பனை ஆகியவற்றை அவரே நோட்டில் எழுதுகிறார். மாதம் ஒருமுறை சில கடைகளுக்குச் சென்று, யார் வந்து கேட்கிறார்கள் என்று விசாரித்து வருகிறார்.

அந்தக் கிராமத்துக் கடைக்காரரின் பாக்கெட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, முழுத் தொகையையும் அவர் கணக்கில் வரவு வைத்தோம். அவர் இன்றும் நம்மிடம் சரக்கெடுக்கிறார். ஆனால் இப்போதெல்லாம் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறார். அதுவும் நல்லதே. நீங்களும் பார்த்து எடுங்கள்.