மழலையர் தொகையும் மாறும் தமிழகமும்

நுழையும்முன்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் தனியே எண்ணப்படுகின்றனர். அவ்வெண்களின் துணைகொண்டு, திருச்சிராப்பள்ளியை நடுவாக வைத்து, நம் மாநிலம் கடந்து வந்த பாதையைக் காண்பது இப்பாடம்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் மக்கள்தொகை 27,22,290. அவர்களுள் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் 2,72,456 பேர். நூற்றுக்குப் பத்துப் பேர் எனலாம். இந்நூலைக் கையில் வைத்திருக்கும் அம்மாவட்ட மாணவர்களுள் பலர் அவ்வெண்ணுக்குள் அடங்குவர். ஆறு வயதை எல்லையாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. எழுத்தறிவு ஏழு வயது முதலே கணக்கிடப்படுவதால், அதற்குக் கீழுள்ளோரைப் பிரித்து எண்ணுகின்றனர்.

குழந்தைகள் குறைந்துவிட்டனர் என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். அவர்கள் எதைக் குறிக்கிறார்கள் என்று வினவுதல் வேண்டும். தமிழ்நாட்டில் ஆறு வயது வரையுள்ளோர் 2001இல் ஏறத்தாழ 72.35 லட்சம், 2011இல் 74.24 லட்சம். எண்ணிக்கை சற்றே கூடியிருக்கிறது. ஆயின் மொத்த மக்களுள் அவர்களது பங்கு 11.6 விழுக்காட்டிலிருந்து 10.3 விழுக்காடாகக் குறைந்தது. ஒவ்வொரு குடும்பத்திலும் குழந்தைகள் குறைந்தபோதிலும், முந்தைய தலைமுறையில் மிகுதியாகப் பிறந்தோர் தாயாகும் வயதை எட்டியதால் குடும்பங்கள் பெருகின. எனவே எண்ணிக்கை உடனே சரியவில்லை. பங்கு முதலில் குறையும். எண்ணிக்கை பின்னரே குறையும். நாடு முழுவதற்கும் இது பொருந்தும். 1971இல் இந்தியரில் நூற்றுக்கு 42 பேர் பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர். 2011இல் ஏறத்தாழ 31 பேர்.

இம்மாற்றத்தின் வேர் பிறப்பில் மட்டும் இல்லை, இறப்பிலும் இருக்கிறது. 1971இல் இந்தியாவில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 129 பேர் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். தமிழ்நாட்டில் அவ்வெண் 113. பெற்ற பிள்ளைகளுள் எத்தனை பேர் தங்குவர் என்ற உறுதி இல்லாத தாய், மேலும் சில பிள்ளைகளைப் பெற்றதில் வியப்பில்லை. 2020இல் தமிழ்நாட்டின் குழந்தை இறப்பு விகிதம் 13ஆகக் குறைந்தது, இந்தியாவினது 28.

இவ்வரலாற்றில் திருச்சிராப்பள்ளிக்கு ஓர் இடம் உண்டு. 1982 சூலை 1ஆம் நாள், நகரை அடுத்த பாப்பாக்குறிச்சியில், அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். காமராசர் காலத்தில், 1956இல் விரிந்த மதிய உணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. இதிலோ பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டாத, இரண்டு வயது நிறைந்த மழலையரும் சேர்க்கப்பட்டனர். அமைப்பாளராகவும் சமையலராகவும் உதவியாளராகவும் ஊர்தோறும் பெண்கள் பணி பெற்றனர். சோற்றுக்கும் மக்கள்தொகைக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் உண்டு. உணவு கிடைக்கும் இடத்தைத் தேடிக் குழந்தை வரும்; வந்த குழந்தையின் எடையைப் பார்க்கவும் தடுப்பூசியை நினைவூட்டவும் அங்கு ஒருவர் இருப்பார். பெண்கல்வி, தள்ளிப்போன திருமண வயது, சிற்றூர்வரை சென்ற பேருந்து, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியனவும் உடன் சேர்ந்தன. 1971இல் தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெற்ற குழந்தைகள் 3.9, 2020இல் 1.4. ஒரு தலைமுறை தன் இடத்தை அதே அளவில் நிரப்ப 2.1 வேண்டும். அவ்வெல்லையைத் தமிழ்நாடு 2000ஆம் ஆண்டையொட்டியே எட்டிவிட்டது.

குடும்பம் சிறுத்தபோது ஒரு தீங்கும் உடன் வந்தது. இதனைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். இயற்கையில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள் பிறக்கின்றனர். மழலைப் பருவத்தில் ஆண் மகவுகளே எளிதில் நோய்க்கு இரையாவதால், ஆறு வயது வரையுள்ளோரிடையே இவ்வெண் சற்று உயர்வது இயல்பு. இந்தியாவில் 1961இல் இவ்விகிதம் 976ஆக இருந்தது, 2001இல் 927, 2011இல் 920க்கும் கீழ். தமிழ்நாட்டில் 1961இல் 985ஆக இருந்தது 2011இல் 943ஆயிற்று. ஐந்து பிள்ளைகள் பெற்ற காலத்தில் அவர்களுள் ஒருவன் மகனாக இருப்பான். இருவரே போதும் என்ற காலத்திலும் மகன் வேண்டும் என்ற விருப்பம் மாறாதபோது, கருவறையை நோக்கும் கருவி தவறான கையில் கொடுவாளாகிறது. தமிழ்நாட்டில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும், கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைக் குற்றமாக்கிய 1994ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டதும் இதனாலேயே.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 2011இல் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் 1,013 பேர். இவ்வெண்ணை மட்டும் கண்டு மகிழ்வோர் மழலையர் கணக்கையும் பார்க்க வேண்டும்: ஆண் குழந்தைகள் 1,39,946, பெண் குழந்தைகள் 1,32,510. ஆயிரத்துக்கு 947. பெண்கள் நெடுநாள் வாழ்வதும், ஆண்கள் பிழைப்புக்காக வெளியூர் செல்வதும் மாவட்டத்தின் மொத்த விகிதத்தை உயர்த்துகின்றன. அவ்வுயர்வு தொட்டிலில் நிகழ்வதை நமக்குச் சொல்லாது.

தெரிந்து தெளிவோம்

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் அறுபது வயது நிறைந்தோர் ஏறத்தாழ 75 லட்சம். ஆறு வயது வரையுள்ள மழலையரைவிட இவர்கள் சற்று மிகுதி.

இவ்வெண்ணின் பொருளைத் திருவரங்கத்தில் கண்ணாரக் காணலாம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இத்தீவு தனி நகராட்சியாக இருந்து, 1994இல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியுடன் இணைந்தது. உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும், பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூருவிலோ கடல் கடந்தோ வாழ, பெற்றோர் இருவர் மட்டும் தங்கியுள்ள இல்லங்கள் பல. ஒரு தெருவில் மழலை ஒலி குறைவதற்குப் பிறப்பு குறைவது மட்டும் காரணமன்று. பெற்றோராகும் வயதினர் வேறூரில் வாழ்வதும் காரணம். அவர்தம் குழந்தைகள் அவ்வூர்க் கணக்கில் சேர்கின்றனர். ஆகவே, மாவட்டச் சராசரியை ஒவ்வொரு தெருவுக்கும் பொருத்துதல் பிழையாகும்.

குழந்தைகளே இல்லாத நாடாகிவிடுவோம் என்று அஞ்சுவோரின் கூற்று மிகை. தொழிற்சாலைகள் சூழ்ந்த துவாக்குடிப் பக்கம் வேலை தேடி வந்த இளங்குடும்பங்களுக்கு அங்கன்வாடியும் தொடக்கப்பள்ளியும் வேண்டும். திருவரங்கத்து முதியோர்க்கு மருத்துவரும் துணையும் வேண்டும். ஒரே மாநகரம் இரண்டையும் ஒருங்கே ஈந்தாக வேண்டும். எங்கே எது என்று முடிவுசெய்யத் தெருவாரியான புதிய எண்கள் தேவை. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், பத்தாண்டுக்கு மேற்பட்ட பழைய எண்களைக் கொண்டே இன்றும் திட்டமிடுகிறோம். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஆம் நாள் அடிப்படை நாளாகக் குறிக்கப்பட்டுள்ளது.