ஓடினால் காசு எப்படி வரும்?



குழந்தைகளுக்காக மாரத்தான், ஏழைப் பிள்ளைகள் படிப்புக்காக ஓட்டம் என்று பேப்பரிலும் டி.வி.யிலும் அடிக்கடி செய்தி வருகிறது. நம் பக்கமும் அப்படி ஒன்று நடத்தலாமா என்று கூட்டமைப்புக் கூட்டத்தில் பேச்சு வந்தது. அப்போது சின்னமனூர் பக்கத்து அக்கா ஒருவர் கேட்டார்: "ஏன் மேடம், ஓடுனா காசு எப்படி வரும்? ரோட்டுலயா கெடக்கு?" எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் இந்த விஷயத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இந்த மாதப் பாடமாக அதையே எடுத்துக் கொள்வோம்.

ஓட்டத்தில் இருந்து ஒரு பைசா கூட வருவதில்லை. ஓடுகிறவர் தன் கையில் இருந்து கட்டுகிற பதிவுக் கட்டணம் ஒரு வழி. "உங்களுக்காக நான் இவ்வளவு தூரம் ஓடுகிறேன், நீங்கள் அந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு கொடுங்கள்" என்று தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்குவது இன்னொரு வழி. கம்பெனிகள் கொடுப்பது மூன்றாவது. உடம்பை வருத்திக்கொண்டு கேட்டால் ஜனங்கள் மனசு இளகிக் கொடுப்பார்கள். இது நமக்குப் புதுசா என்ன? வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்கினிச் சட்டி எடுப்பதும், நேர்ந்துகொண்டு மடிப்பிச்சை கேட்பதும் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்.

இரண்டாவது வழிக்கு ஒரு பெரியவரைச் சொல்ல வேண்டும். பஞ்சாபில் ஜலந்தர் பக்கத்துக் கிராமத்து விவசாயி பௌஜா சிங். எழுதப் படிக்கத் தெரியாதவர். மகனைப் பறிகொடுத்த துக்கத்தில் இருந்து மீள, இங்கிலாந்தில் இன்னொரு பிள்ளை வீட்டில் இருந்தபோது ஓட ஆரம்பித்தார். 2000-ம் ஆண்டு லண்டன் மாரத்தானில் 42 கிலோமீட்டரையும் முடித்தபோது அவர் வயது 89. யாருக்காக ஓடினார் தெரியுமா? குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்கு உதவும் பிளிஸ் என்ற அமைப்புக்காக. ரொம்ப வயசானவர், பிறந்து சில நாளே ஆன பிள்ளைகளுக்காக ஓடியதைப் பார்த்துத்தான் ஜனங்கள் கொடுத்தார்கள். 2025 ஜூலையில் சொந்த ஊர் ரோட்டில் நடந்து போகும்போது வாகனம் மோதி இறந்துபோனார். பாஸ்போர்ட் கணக்குப்படி வயது 114.

முதல் வழிக்கு நம் தமிழ்நாட்டிலேயே கணக்கு இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 6, ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் கலைஞர் நினைவுப் பன்னாட்டு மாரத்தான் நடந்தது. 42, 21, 10, 5 கிலோமீட்டர் என்று நான்கு பிரிவு. 73,206 பேர் பதிவு செய்ததால் கின்னஸ் சாதனை என்று அறிவித்தார்கள். பதிவுக் கட்டணமாகச் சேர்ந்தது சுமார் 3 கோடியே 42 லட்சம் ரூபாய். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில், பிள்ளைகளுக்குத் துணையாக வருகிறவர்கள் தங்குவதற்குக் கட்டடம் கட்ட அந்தப் பணம் சுகாதாரத் துறையிடம் கொடுக்கப்பட்டது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரி 467 ரூபாய். நம் குழுவில் ஒருத்தர் சில மாதத்தில் சேமிக்கிற தொகைதான்.

எனக்கு இதில் பிடித்தது கின்னஸ் இல்லை, அந்தக் கட்டடம்தான். பிள்ளைக்கு முடியவில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்குத் தெரியும். பிள்ளைக்குக் கட்டில் கிடைக்கும், அம்மாவுக்கு வராண்டாதான். குளிக்க இடம் தேடணும், சேலை மாற்ற இடம் தேடணும், பை காணாமல் போகாமல் தலைக்கு வைத்துப் படுக்கணும். பத்து நாள் இப்படிக் கிடந்தால், "வீட்டுக்கே போயிருவோம்" என்று சிகிச்சையைப் பாதியில் விட்டு வருகிறவர்களும் உண்டு. பணம் சேர்ப்பதற்கு முன்னாலேயே எதற்கு என்று முடிவு செய்வது எவ்வளவு முக்கியம் என்று இதில் தெரிகிறது.

இப்போது நம் ஊர்க் கணக்கு. ஒரு பேச்சுக்கு, கம்பத்தில் இருந்து கூடலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் 200 பேர் ஓடுகிறோம், தலைக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரவு 10,000. எல்லோருக்கும் படம் போட்ட பனியன், ஒன்று 150 ரூபாய் என்றால் 30,000. மேடை, மைக், பேனர், தண்ணீர் பாட்டில் இன்னும் எழுதவே இல்லை, அதற்குள் 20,000 ரூபாய் நஷ்டம்! பெரிய நகரங்களில் பனியனுக்கும் மெடலுக்கும் கம்பெனிகள் கொடுக்கும். நமக்கு யார் கொடுப்பார்? யாராவது கொடுக்க முன்வந்தாலும், "பனியன் வேண்டாம், அந்தக் காசைப் பிள்ளைகளுக்கே கொடுங்கள்" என்று கேட்பதில் தப்பில்லை. எந்த ஊர் ஓட்டமானாலும் நாம் கேட்க வேண்டியது மூன்று: சேர்ந்தது எவ்வளவு, செலவு எவ்வளவு, பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு. தீர்மான நோட்டும் கேஷ் புக்கும் எழுதுகிற நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சரி, பனியன் இல்லாமல் நடத்தி 10,000 ரூபாய் அப்படியே மிஞ்சியது. ஐந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கு 2,000 என்று பிரித்துக் கொடுத்தால் பை, செருப்பு, நோட்டோடு முடிந்துவிடும். அதைவிட ஒரு நல்ல வழி இருக்கிறது என்பது என் கருத்து.

பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தர, தமிழக அரசு 2025 செப்டம்பரில் அன்புக் கரங்கள் திட்டத்தைத் தொடங்கியது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் விதவைத் தாயின் பிள்ளைகள், உறவினர் வீட்டில் வளரும் அனாதைப் பிள்ளைகள் போன்றவர்களுக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தகுதி பார்த்து, ஒதுக்கீடு இருக்கும் அளவுக்குத்தான் கொடுப்பார்கள். ஆனாலும் மாதம் 4,000 கிடைத்தால் வருஷத்துக்கு 48,000. நம் ஓட்டத்தில் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு சேருமா?

இதில் எங்கே மாட்டுகிறது என்றால், காகிதத்தில். நம் பக்கத்தில் அப்பா ஏலத்தோட்ட வேலைக்குப் போன இடத்தில், வண்டன்மேட்டிலோ நெடுங்கண்டத்திலோ இறந்திருப்பார். இறந்த ஊரில்தான் இறப்பைப் பதிவார்கள். சான்றிதழ் வாங்க மலை ஏறி, கேரளப் பஞ்சாயத்து ஆபீசுக்கு இரண்டு மூன்று நடை போக வேண்டி வரலாம். பஸ் காசு, கூலி நஷ்டம், மலையாளத்தில் எழுதித் தர ஒரு ஆள். பாட்டியால் முடிகிற காரியமா? பிள்ளைக்கு ஆதாரில் பெயர் ஒரு மாதிரி, ஸ்கூலில் வேறு மாதிரி இருக்கும். பேங்க் கணக்கு இருக்காது. ஒரு பிள்ளைக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ செலவழித்து, குழுவில் இருந்து ஒருத்தர் துணைக்கும் போனால் இந்த முடிச்சு அவிழும். ஓட்டத்துப் பணத்தை இதற்கு வைக்கலாம் என்கிறேன். விண்ணப்பம், விவரம் எல்லாம் கலெக்டர் ஆபீஸில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கலாம். அவசரம் என்றால் 1098.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. பிள்ளையை மேடையில் ஏற்றி, கையில் கவரைக் கொடுத்து போட்டோ எடுக்கக் கூடாது. எச்.ஐ.வி. பாதிப்பு அதிகம் என்று கணக்கெடுக்கப்பட்ட மாவட்டங்களில் நம் தேனியும் ஒன்றாக இருந்தது. அப்பா அம்மா எதனால் இறந்தார்கள் என்று ஊரே பேசும்படி ஆகிவிட்டால், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் யார் பக்கத்தில் உட்காரும்? பிள்ளையின் பெயர் தீர்மான நோட்டில் கூட வேண்டாம், ஒரு எண் போட்டால் போதும். பணம் கூட்டமைப்புக் கணக்கில், இரண்டு பேர் கையெழுத்தில் இருக்கட்டும். ஐம்பது ரூபாயானாலும் ரசீது.

நடத்துவதென்றால் கார்த்திகை, மார்கழி வேண்டாம். குமுளி ரோடு முழுக்க ஐயப்ப பக்தர்கள் வண்டிதான். ஞாயிறு காலை ஆறு மணி, தோட்ட ஜீப்புகள் குறைவாக ஓடும் கிளை ரோடு, போலீஸ் ஸ்டேஷனில் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி. சேலையோடு நடந்தாலும் அதுவும் ஓட்டக் கணக்குதான். பி.பி., சுகர் உள்ளவர்கள் நடந்தால் போதும், மாத்திரை போட்டு, சாப்பிட்டு வாருங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு வேலை. உங்கள் தெருவில் அப்பாவோ அம்மாவோ இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களிடம் பிறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டில் பெயர், பேங்க் பாஸ் புக், பெற்றோர் இறப்புச் சான்று இதில் எது இருக்கிறது, எது இல்லை என்று விசாரித்து வாருங்கள். எவ்வளவு பணம் தேவை என்று அதைப் பார்த்து முடிவு செய்வோம். தேதி அதற்கு அப்புறம் குறிக்கலாம்.