கட்டுரை திருத்த உட்காரும்போது…

ரேணிகுண்டாவிலிருந்து திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிக்கும் பிள்ளை, கட்டுரையை நீட்டி "கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்று கேட்டால் உடனே சிவப்புப் பேனாவை எடுக்காதீர்கள். முதலில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மூச்சு முட்டும் வாக்கியம் எது என்று அவர் காதுக்கே தெரிந்துவிடும்.

அடுத்து கருத்து. "ரேணிகுண்டா முக்கியமான ரயில் சந்திப்பு" என்று இருந்தால், "எதனால் முக்கியம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அரக்கோணம், கூடூர், குண்டக்கல், திருப்பதி என நான்கு பக்கமும் பாதை பிரிவதை அவரே சொல்வார். சொன்னதை அப்படியே எழுதச் சொல்லுங்கள், பத்தி நிமிர்ந்துவிடும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் மதிப்பெண் வரலாம், எழுத்து வராது.

நூலில் எடுத்த தகவல் எந்தக் காலத்தது என்று பார்ப்பது கட்டாயம். பழைய நூல்களில் ரேணிகுண்டா சித்தூர் மாவட்டத்தில் இருக்கும். 2022 ஏப்ரல் 4 முதல் அது திருப்பதி மாவட்டம். கட்டுரை 1990களைப் பற்றியது என்றால் சித்தூர் என்பதே சரி.

எழுத்துப்பிழையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பள்ளியில் தெலுங்கு வழியில் படித்தவர்களுக்கு ழகரமும் றகரமும் தடுமாறுவது இயல்பு; இன்றைய தெலுங்கில் இரண்டுக்கும் தனி எழுத்து வழக்கில் இல்லை. அதற்காகக் கடிந்துகொள்ள வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரே வகைப் பிழையைப் பாருங்கள். அடிக்கோடு மட்டும் உங்களுடையது, திருத்தம் அவருடையது. முதல் படியைத் தேதி போட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்த கட்டுரைக்கு அதுவே உதவும்.