கல்லெறிந்த சிறுவரும் நமது மஹல்லாவும்

ராஃபிஉ இப்னு அம்ர் (ரலி) அவர்கள் தமது சிறு பிராயத்தில் நிகழ்ந்த ஒரு செய்தியை அறிவித்திருக்கின்றார்கள். அன்ஸாரிகளின் பேரீச்ச மரங்களில் கல்லெறிந்து கொண்டிருந்த அவர்களைப் பிடித்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சமுகத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் வினவியது, ஏன் கல்லெறிகிறாய் என்பதைத்தான். தின்பதற்காக என்று பதில் வந்தது. கல்லெறிய வேண்டாம், கீழே விழுந்து கிடப்பதை எடுத்துத் தின்னலாம் என்று சொல்லி, தலையைத் தடவிக் கொடுத்து, அந்த வயிறு நிறைய அல்லாஹ்விடம் துஆவும் செய்தார்கள். அபூதாவூத், திர்மிதீ முதலிய கிரந்தங்களில் இது வந்துள்ளது.

நம்முடைய ஊர்களில் இப்படி ஒரு பையன் அகப்பட்டால் முதலில் விழுவது அறை. கேள்வி பிறகுதான் வரும், சில வேளை வருவதே இல்லை.

இதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு ஹதீஸும் உண்டு. அப்பாத் இப்னு ஷுரஹ்பீல் (ரலி) அவர்கள் பஞ்சத்தால் வாடி மதீனாவுக்கு வந்து, ஒரு தோட்டத்தில் புகுந்து கதிரைக் கசக்கித் தின்று, மீதியைத் துணியில் முடிந்துகொண்டார்கள். தோட்டக்காரர் வந்து அடித்துத் துணியையும் பிடுங்கிக்கொண்டார். வழக்கு நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தது. அறியாதவராயிருந்தபோது நீர் கற்றுக்கொடுக்கவில்லை, பசித்திருந்தபோது உணவளிக்கவும் இல்லையே என்று தோட்டக்காரரைக் கடிந்து, துணியைத் திருப்பித் தரச் செய்து, தானியமும் கொடுக்க உத்தரவிட்டார்கள். பொருளை இழந்தவரே கேள்விக்குள்ளாகிறார் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். குற்றம் நடந்த இடத்தில் ஊராருக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதையே இது காட்டுகிறது.

அப்படியானால் சிறுவன் செய்த சேதத்துக்கு யாரும் பொறுப்பில்லையா? இங்கேதான் ஃபிக்ஹின் நுட்பம் இருக்கிறது. பருவமடையாத சிறுவர் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது, பாவம் எழுதப்படுவதில்லை. ஆனால் பிறர் பொருளை அழித்தால் ளமான், அதாவது ஈடு, அச்சிறுவனின் பொருளிலிருந்து கொடுக்கப்பட வேண்டும் என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபினரும் ஒன்றுபடுகின்றனர். பாவமில்லை, பொறுப்பு உண்டு. தண்டனை வேறு, ஈடுசெய்தல் வேறு என்று நம் இமாம்கள் பிரித்துவைத்ததை இன்று உலகம் புதுப் பெயரிட்டுப் பேசுகிறது.

கனடா நாட்டின் எல்மைரா என்னும் சிற்றூரில் 1974-ல் இரண்டு வாலிபர்கள் குடிவெறியில் ஒரே இரவில் 22 இடங்களில் சேதம் விளைவித்தார்கள். நன்னடத்தை அலுவலர் ஒருவரும் கிறிஸ்தவத் தொண்டர் ஒருவரும் செய்த யோசனையின் பேரில், நீதிபதி அவர்களை வீடு வீடாக அனுப்பினார். சேதமடைந்தவரின் முகத்தைப் பார்த்து, நஷ்டத்தைக் கேட்டறிந்து, சில மாதங்களில் பணத்தையும் கட்டினார்கள். நியூசிலாந்து 1989-ல் சட்டமே இயற்றி, இளங்குற்றவாளியின் குடும்பத்தாரும் பாதிக்கப்பட்டவரும் கூடி அமர்ந்து முடிவு காணும் முறையை ஏற்படுத்தியது.

நமது மாகாணமும் இதில் பின்தங்கியதல்ல. சிறுவரைப் பெரியவரோடு சேர்த்து விசாரிக்கக் கூடாதென்று 1920-லேயே சென்னைக் குழந்தைகள் சட்டம் வந்தது. இப்போது நடப்பிலுள்ளது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். 18 வயது நிரம்பாதவரைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அக்குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளரும் இருப்பார்கள். அவ்விருவரில் ஒருவராவது பெண்ணாயிருக்க வேண்டும். (பருவ வயது 15 என்றிருக்க, 18 எப்படி என்று சிலர் கேட்கிறார்கள். அடையாளம் தெரியாத ஆண்பிள்ளைக்கு 18 என்று சொன்னவர் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களே. ஃபத்வா 15-இல் இருப்பினும், தொழுகை கடமையாவதற்கான வயதும் நாட்டுச் சட்டம் தண்டனைக்கு வைத்த வயதும் ஒன்றாயிருக்க வேண்டுமென்று எந்தக் கட்டாயமும் இல்லை.)

கொடைக்கானல் மலையை எடுத்துக்கொள்வோம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளையும் பூம்பாறைப் பக்கம், பதினைந்து வயதுப் பையன் ஒருவன் ஒரு தோட்டத்திலிருந்து இரண்டு மூட்டைப் பூண்டைக் கடத்தி விற்றுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். படிப்பை நிறுத்தியவன், சீசனில் சுற்றுலாக்காரருக்கு அறை காட்டிக் கொடுத்துப் பிழைக்கிறவன். குழுமம் அவனைக் கண்டித்து ஆலோசனை வழங்கி வீட்டுக்கு அனுப்பலாம். சமூகச் சேவை செய்யச் சொல்லலாம். பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லலாம். நன்னடத்தையின் பேரில் பெற்றோரிடமோ, தகுந்த நபர் என்று விசாரித்து ஏற்ற ஒருவரிடமோ மூன்றாண்டு வரை ஒப்படைக்கலாம். வேறு வழியில்லாதபோதுதான் சிறப்பு இல்லம்.

அந்தத் தகுந்த நபர் எங்கிருந்து வருவார்? சமூகச் சேவை செய்ய இடம் கொடுப்பவர் யார்? அவன் மீண்டும் பள்ளிக்கூடம் போகிறானா என்று மாதந்தோறும் பார்ப்பவர் யார்? தொண்டர் தேவைப்படுவது இங்கேதான். ஓர் ஊரில் சிலராவது இதை ஏற்றால்தான் மற்றவர் பொறுப்பு நீங்கும் என்ற வகையில் இதனை எண்ணலாம் என்பது நம் கருத்து. பையன் எந்தச் சமயத்தவன் என்பது இதில் கேள்வியே அல்ல.

பூண்டுக்காரரையும் பையனையும் எதிரெதிரே உட்கார வைப்பது தொண்டரின் வேலைகளில் மிகக் கடினமானது. நியூசிலாந்தைப் போல் நம் சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. குழுமத்தின் அனுமதியோடும் நன்னடத்தை அலுவலரின் துணையோடும்தான் செய்ய வேண்டும். முதலில் இருவரையும் தனித்தனியே பலமுறை சந்திக்க வேண்டும். பையன் தன் செயலை ஒப்புக்கொள்ளாத வரை கூட்டம் கூடாது. பூண்டுக்காரர் வரமாட்டேன் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். சூரா ஷூராவின் 40-ஆம் வசனத்தில், மன்னித்துச் சமாதானம் செய்பவரின் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது என்ற கருத்து வருகிறது. அந்த மன்னிப்பு பாதிக்கப்பட்டவருக்குச் சொந்தம். முத்தவல்லி அவர் சார்பில் மன்னித்துவிட முடியாது. பெரியவர்கள் சூழ நின்று “விட்டுக்கொடுங்க பாய்” என்று நெருக்கி வாங்கும் சம்மதம் சம்மதமாகாது.

ஜமாஅத்தினருக்கு இரண்டு எச்சரிக்கைகள் சொல்லியாக வேண்டும். ஊர்க் கௌரவம் என்ற பெயரால் சில வழக்குகளை வெளியே தெரியாமல் பேசி முடிக்கும் வழக்கம் உண்டு. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் இது அறவே கூடாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காதது குற்றம். அநியாயத்துக்கு ஆளான பிள்ளையின் வாயை அடைத்துச் செய்யும் ஸுல்ஹு, ஸுல்ஹு அல்ல.

மற்றொன்று, பிடிபட்ட பையனை ஜும்ஆவுக்குப் பின் எழுப்பி நிறுத்திப் பெயர் சொல்வது. சகோதரனின் குறையை மறைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. சட்டமும் அவனுடைய பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாதென்றே 74-ஆம் பிரிவில் தடுத்திருக்கிறது. சில கடுங்குற்ற வழக்குகள் நீங்கலாக, குற்றம் செய்தான் என்பது பிற்காலத்தில் அவனுடைய வேலைக்கோ படிப்புக்கோ தடையாகக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. சட்டம் அழிக்கச் சொன்ன ஏட்டை ஊர்வாய் எழுதிவைத்துக் கொள்ளலாமா? இன்று வாட்ஸ்அப்பில் ஒருவர் படத்தைப் போட்டுவிட்டால் பெரியகுளம் வரை போய்விடுகிறது.

சமூகச் சேவை என்று வரும்போது அது இழிவுபடுத்துவதாயிருக்கக் கூடாது. பூங்காவைப் பராமரிப்பது, முதியோருக்கு உதவுவது, மருத்துவமனையில் சிறு வேலை செய்வது போன்றவை பொருந்தும். பள்ளிவாசலின் கழிப்பறையைக் கழுவவைத்து நான்கு பேர் நின்று பார்ப்பது பொருந்தாது.

இப்பணிக்கு வர விரும்புவோர் மாவட்டத் தலைநகரிலுள்ள குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் நன்னடத்தை அலுவலரையும் அணுக வேண்டும். பெண்களும் வர வேண்டும். தாயிடம் பேச ஆண்களால் எப்போதும் முடிவதில்லை. கொடைக்கானலிலிருந்து திண்டுக்கல் 90 கிலோமீட்டருக்கு மேல். மன்னவனூர்க்காரருக்கு இன்னும் அதிகம். விசாரணை நாளில் தாய்க்கு ஒரு நாள் கூலியும் போகிறது, பஸ் காசும் போகிறது. வாய்தாவுக்கு வராமற்போகும் பெற்றோரில் பலர் அலட்சியத்தால் வராதவர்கள் என்று நாம் நினைக்கவில்லை. இந்தச் செலவை மஹல்லாவின் பைத்துல்மாலிலிருந்து கொடுக்கலாமா என்று கேட்டால், பொதுவான ஸதகாப் பணமாயின் முஸ்லிமல்லாத குடும்பத்துக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். ஸகாத் பணத்தை மட்டும் தனியே வைத்து, அதற்குரிய வகையினருக்கே கொடுக்க வேண்டும்.